புதியவர்களிடம் பேசக் கூச்சமா? கேள்வி பதில்

(பதிலளிப்பவர் கல்லூரியொன்றில் பல ஆண்டுகள் மாணவர் ஆலோசகராகப் பணியாற்றியவர்.)

கேள்வி: கிராமத்திலிருந்து சென்னையில் ஒரு விடுதிக்கு வந்திருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நிற்கும்போது எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றுகிறது.

பதில்: தம்பி, அவரவர்க்கு அவரவர் தட்டுதான் கவலை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பாடகரின் படம் அச்சிட்ட, அணியவே வெட்கப்படும்படியான டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்து, பிறர் அமர்ந்திருந்த அறைக்குள் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அதை அணிந்தவர்கள் நினைத்தார்கள்; உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். நாளைக் காலை, தனியாக உண்பவர் ஒருவரிடம் "இங்கே உட்காரலாமா?" என்று கேட்டு அமருங்கள். அடுத்து "எந்த ஊர்?" என்று கேட்டால் போதும், அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லி நிறுத்திக்கொள்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: பேச வேண்டியதை மனத்துக்குள் பலமுறை ஒத்திகை பார்த்தும், நேரில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

பதில்: ஒத்திகைதான் சிக்கல். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்னும் உளவியலாளர்கள் 1995இல் விளக்கியபடி, ஒத்திகை பார்ப்பது, கைபேசியில் முகம் புதைப்பது போன்று நம்மைக் காத்துக்கொள்ளச் செய்பவையே கவனத்தை நம்மீது திருப்பி, அச்சம் அகலாமல் பார்த்துக்கொள்கின்றன. என் முதல் துறைக் கூட்டத்தில், கை நடுங்குவது தெரியக் கூடாதென்று தேநீர் டம்ளரை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். இறுக்க இறுக்க நடுக்கம் கூடி, தேநீர் தளும்பி வேட்டியில் சிந்தியது, எதிரில் இருந்தவர் சொன்னதில் ஒரு சொல்கூட மனத்தில் பதியவில்லை. ஆகவே எதிரில் இருப்பவரின் பேச்சைக் கேளுங்கள்; உங்கள் அடுத்த கேள்வி அதிலேயே கிடைக்கும்.

கேள்வி: புதிதாக மணமானவள் நான். கணவர் வீட்டு விசேஷங்களில் பேசாமல் இருந்தால் தலைக்கனம் என்கிறார்கள்.

பதில்: அம்மா, ஓரமாக நாற்காலியில் அமராதீர்கள். பந்தியில் தண்ணீர் ஊற்றும் வேலையை எடுத்துக்கொண்டால் ஒவ்வொருவரிடமும் இரண்டு சொல் பேசக் காரணம் கிடைக்கும். "நீங்கள் இவருக்கு என்ன முறை வேண்டும்?" என்று மூத்த பெண்மணி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், குடும்பக் கதை முழுவதையும் அவரே சொல்லிவிடுவார்.

கேள்வி: விருந்தினர் வந்தால் ஐந்து வயது மகன் என் பின்னால் ஒளிந்துகொள்கிறான்.

பதில்: ஒளியட்டும். அவன் காதுபட "இவன் ரொம்பக் கூச்சக்காரன்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: மது அருந்தினால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

பதில்: ஐயா, அப்படிப் பேசிய பேச்சின் பெருமை குப்பிக்கே போகிறது, அது இல்லாமலும் பேச முடியும் என்பதை அறிய உங்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. மது தேவைப்படும் அளவுக்கோ, நேர்காணலையும் விழாக்களையும் பல மாதங்களாகத் தவிர்க்கும் அளவுக்கோ போய்விட்டால் அதைக் கூச்சம் என்று விட்டுவிடக் கூடாது. பிறர் முன்னிலையில் அளவுக்கு மீறி அஞ்சவைக்கும் சமூகப் பதற்றக் கோளாறாகவும் அது இருக்கக்கூடும்; அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் செல்லத் தயக்கமாக இருந்தால், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.