வடு குழைவதும் ஆவக்காய் கசப்பதும்: வாசகர் கேள்விகள்

மாசியில் சந்தைக்கு வடு, அதாவது பிஞ்சு மாங்காய், வந்தது முதல், சித்திரை வெயிலில் ஆவக்காய் ஊறுகாய் ஜாடியின் வாயில் துணியால் வேடு கட்டும் வரை வந்து சேர்ந்த கேள்விகளில் சில.

மாவடு போட்டால் இரண்டே மாதத்தில் கொழகொழத்துவிடுகிறது. உப்பைக் கண்ணளவாகத்தான் போடுகிறேன். தவறு எங்கே?
– வாசகி, கும்பகோணம்

பாதித் தவறு சந்தையிலேயே நடந்திருக்கும். பறித்த வடுவும் காற்றில் உதிர்ந்த வடுவும் ஒரே கூடையில்தான் விற்பனைக்கு வரும். உதிர்ந்ததில் தரையில் பட்ட காயம் இருக்கும். முதலில் குழைவது அந்த இடம்தான். விரலால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருக்க வேண்டும். காம்பு அரை அங்குலமாவது ஒட்டியிருக்க வேண்டும். காம்பு போனால் அந்த ஓட்டை வழியாகப் பால் வெளியே வந்துவிடும், உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். வடுவின் வாசனையே அந்தப் பாலில்தான் இருக்கிறது. அதனால் மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். ஒரு முறை அலசித் துணியில் பரப்பி, நிழலிலேயே ஈரம் போக உலர்த்தினால் போதும்.

மீதிப் பாதி உங்கள் கண்ணளவு. ஒரு கிலோ வடுவுக்கு 200 கிராம் கல் உப்பு என்று நிறுத்துப் போடுங்கள். ஒரு கப் கல் உப்பும் ஒரு கப் பொடி உப்பும் ஒரே எடை இல்லை. கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் கல் உப்பு கணிசமாகக் குறைவாகவே நிற்கும். பொடி உப்புக்குச் சொன்ன கப் கணக்கில் கல் உப்பைப் போட்டால் அந்த வருட வடு போச்சு.

முதலில் ஒரு மேசைக்கரண்டி விளக்கெண்ணெயை எல்லா வடுவிலும் படும்படி புரட்டுங்கள். பிறகு ஜாடியில் வடு ஒரு கை, உப்பு ஒரு கை என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூள். மறுநாளே தண்ணீர் விடத் தொடங்கும். காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்குங்கள், கையை விடாதீர்கள். நான்கைந்து நாளில் வடு சுருங்கியதும், அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து 60 கிராம் மிளகாய்த் தூள், இரண்டு மேசைக்கரண்டி கடுகுப் பொடி கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். வடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மிதக்கிற வடுதான் அடுத்து குழையப்போகிறது. சுத்தமான பீங்கான் தட்டு ஒன்றை உள்ளே கவிழ்த்து வையுங்கள்.

பத்து நாளாகியும் வடு சுருங்கவில்லையே?
– வாசகி, திருநெல்வேலி

முற்றிய காயாக இருக்கும். வாங்கும்போதே ஒன்றைக் கத்தியால் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். கத்தி தடையில்லாமல் இறங்கினால் வடு. கொட்டை ஓடு 'கறுக்' என்று தடுத்தால் அது மாங்காய். நறுக்கி வேறு ஊறுகாய் போடலாம். இளங்காய்தான் என்றால் உப்பு போதவில்லை. 30 கிராம் கூட்டிக் குலுக்கிப் பாருங்கள்.

வடுத் தண்ணீர் மேல் வெள்ளையாக ஆடை படிகிறது. கொட்டிவிட வேண்டுமா?
– வாசகர், கோவை

மெல்லிய வெள்ளை ஆடை மட்டும்தான், வடு கெட்டியாக இருக்கிறது, வாடையும் இல்லை என்றால் கொட்ட வேண்டாம். ஆடையை எடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் வடித்துக் கொதிக்கவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி உப்பு சேர்த்து, அடியோடு ஆறியதும் காய்ந்த ஜாடியில் வடு மேல் ஊற்றுங்கள். வெதுவெதுப்பாக ஊற்றினால் வடு வெந்துவிடும். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரி பூத்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஆந்திர முறையில் ஆவக்காய் போட எந்தக் காய், என்ன அளவு?
– வாசகி, வேலூர்

கிளிமூக்கு வேண்டாம். அது கல்யாணப் பந்தியில் அன்றைக்கே நறுக்கிப் போடும் ஊறுகாய்க்கு உரிய காய். புளிப்பு குறைவு, வருடம் தாங்காது. நல்ல புளிப்பும் நாரும் உள்ள, ஓடு கெட்டிப்பட்ட நாட்டுக் காய் வேண்டும். ஓட்டோடு துண்டு போட வேண்டும். ஓடுதான் சதையைப் பிடித்து நிறுத்துகிறது. உள்ளே இருக்கும் பருப்பையும், ஓட்டில் ஒட்டிய காகிதம் போன்ற தோலையும் ஒவ்வொரு துண்டிலும் எடுத்துத் துணியால் துடையுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பூஞ்சை பல சமயம் அந்தத் தோலில்தான் தொடங்குகிறது. காயைக் கழுவுவதெல்லாம் வெட்டுவதற்கு முன். வெட்டிய பிறகு தண்ணீரே படக்கூடாது.

பருப்பு எடுத்தபின் நிறுத்த ஒரு கிலோ துண்டுக்கு: கடுகுப் பொடி 125 கிராம், குண்டூர் மிளகாய்த் தூள் 125 கிராம், வெயிலில் காயவைத்துப் பொடித்த கல் உப்பு 175 கிராம், முழு வெந்தயம் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள் ஒரு தேக்கரண்டி, நல்லெண்ணெய் 400 மில்லி. பூண்டு உங்கள் இஷ்டம். பொடிகளைக் கலந்து, துண்டுகளை எண்ணெயில் முக்கிப் பொடியில் புரட்டி ஜாடியில் போட்டு, கால் லிட்டர் எண்ணெய் ஊற்றி வேடு கட்டுங்கள். மூன்றாம் நாள் அடிவரை கிளறி, உப்புப் பார்த்து, மீதி எண்ணெயை ஊற்றுங்கள். அப்போது நாக்குக்கு உப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிய வேண்டும். காய் இழுத்துக்கொண்டதும் சரியாகிவிடும். எண்ணெய் துண்டுகளுக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கட்டும். இறங்கினால் மறுபடி ஊற்றுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆவக்காய் கசக்கிறது. வெந்தயம் அதிகமா?
– வாசகி, சென்னை

முழு வெந்தயமாகப் போட்டிருந்தால் அது காரணமில்லை, கடுகுதான். மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் கடுகு சூடேறி எண்ணெய் விட்டுக் கசக்கும். நன்றாக வெயிலில் காயவைத்து, விட்டு விட்டு அரைத்துச் சலியுங்கள். வறுக்கவும் கூடாது, வறுத்தால் கடுகின் காரம் போய்விடும், பிறகு அது ஆவக்காயே இல்லை. புதிதாகப் போட்டதில் லேசான கசப்பு இயல்பு. மூன்று வாரம் விட்டுப் பாருங்கள்.

ரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைப் பாதியாக்கலாமா?
– வாசகர், ஈரோடு

ஜாடியில் குறைக்காதீர்கள், தட்டில் குறையுங்கள். உப்பு குறைந்த ஊறுகாய்தான் வேண்டுமென்றால் துருவிய மாங்காயில் கால் கிலோ தொக்கு கிளறிக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள்.

வடு தீர்ந்தபின் மிஞ்சும் தண்ணீரை என்ன செய்வது?
– வாசகி, மதுரை

ஒரு டம்ளர் நீர்மோருக்கு ஒரு தேக்கரண்டி. மோரில் வேறு உப்பு போட வேண்டாம். அடுத்த வருட வடுவுக்கு மட்டும் அதை ஊற்றாதீர்கள். பழைய தண்ணீரில் உப்பு எவ்வளவு மிச்சம் என்று நாக்கால் கணக்குப் போட முடியாது.