மவுஸுக்கு ஓய்வு: டைலிங் டெஸ்க்டாப் கேள்வி – பதில்

கே: லினக்ஸில் நோம் டெஸ்க்டாப் பயன்படுத்துகிறேன். கீபோர்டிலேயே விண்டோக்களை அடுக்கும் டைலிங் முறைக்கு மாற ஆசை. அதற்கான விண்டோ மேனேஜர்களில் ஐ3 போடுவதா, ஸ்வே போடுவதா? நோமை அழித்துவிட வேண்டுமா?

ப: அழிக்காதீர்கள். பக்கத்திலேயே நிறுவுங்கள். லாகின் திரையில் உங்கள் பெயரைத் தேர்ந்ததும் மூலையில் ஒரு பல்சக்கரம் தெரியும். எதற்குள் நுழைவது என்பதை அங்கே மாற்றிக்கொள்ளலாம். தலைக்கு மேல் வேலை இருக்கும் நாளில் நோமுக்கே போய்விடலாம்.

2009-ல் வந்த ஐ3, விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11 மேல் ஓடுவது. ஸ்வே, எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்டுக்கானது, ஐ3-இன் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பைப் பெரும்பாலும் அப்படியே ஏற்கும். ஒன்றில் கை பழகினால் மற்றது சுலபம் என்பதால் உங்கள் ஹார்டுவேரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். என்விடியாவின் சொந்த டிரைவர் இருந்தால் ஸ்வே கிளம்ப மறுக்கும். '--அன்சப்போர்ட்டட்-ஜிபியு' கொடுத்துக் கிளப்பலாம். கோளாறு வந்தால் கேட்க நாதியில்லை. என்விடியாக்காரர்களுக்கு ஐ3 போதும். இன்டெல், ஏஎம்டி என்றால் ஸ்வே. லேப்டாப் திரைக்கும் வெளி மானிட்டருக்கும் தனித்தனி ஸ்கேல் வைக்க முடிவது அதன் பெரிய உபகாரம்.

கே: ஐ3-க்குள் நுழைந்ததும் மோட் கீயாக எது வேண்டும் என்று கேட்கிறது. எதைக் கொடுப்பது?

ப: ஐ3-இன் ஷார்ட்கட்களுக்குச் சேர்த்து அழுத்தும் கீதான் மோட். வின் கீயைக் கொடுங்கள். ஆல்ட் கொடுத்தால் பிரவுசரின் அட்ரஸ் பாருக்குப் போகும் ஆல்ட் + டி போன்றவை எல்லாம் ஐ3-இடம் மாட்டிக்கொள்ளும். முதல் வாரத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: மோட் + என்டர் டெர்மினல், மோட் + டி புரோகிராம் தேட, மோட் + ஷிஃப்ட் + கியூ மூட, மோட் + எண் வேறு ஒர்க்ஸ்பேஸுக்குப் போக, அதோடு ஷிஃப்ட்டும் சேர்த்தால் விண்டோவை அங்கே அனுப்ப. என்டர் தட்டியும் டெர்மினல் வரவில்லை என்றால் அது நிறுவப்படவே இல்லை என்று பொருள். கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்3 தட்டி, எழுத்துத் திரையில் லாகின் செய்து ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள்.

கே: நான்கு விண்டோ திறந்தால் நான்கும் ஒல்லிப் பட்டைகளாக நிற்கின்றன. இதில் எப்படி வேலை செய்வது?

ப: ஐ3 தானாகப் பிரித்துக் கொடுக்காது, அடுத்த விண்டோ எங்கே வர வேண்டும் என்பதை நீங்கள்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் பிரவுசர், வலப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு டெர்மினல் வேண்டும் என்று வையுங்கள். பிரவுசரைத் திறங்கள், மோட் + என்டர். ஃபோகஸ் டெர்மினலில் இருக்கும்போதே மோட் + வி. அதன் கீழ் விளிம்பு மட்டும் வேறு நிறமாகும். அடுத்தது அங்கேதான் வரும். இப்போது மீண்டும் மோட் + என்டர். ஃபோகஸ் பிரவுசரில் இருக்கும்போது 'வி' தட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு; பிரவுசர் பாதியாகிவிடும். அப்படி ஆனால் மோட் + இ தட்டுங்கள், மேல்-கீழ் அடுக்கு இட-வல அடுக்காக மாறும்.

சின்னத் திரையில் பிரித்துக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. மோட் + டபிள்யூ தட்டினால் எல்லாம் டேப்களாகிவிடும். தானாகவே அடுக்கிக்கொள்ள வேண்டும் என்பவர்கள் ஹைப்பர்லேண்ட் என்ற இன்னொரு விண்டோ மேனேஜரைப் பார்க்கலாம்.

கே: ஐ3-க்கு வந்த பிறகு வைஃபை ஐகான் இல்லை, திரை வெளிச்சக் கீ வேலை செய்யவில்லை, டிஸ்க்கைப் பிரிக்கும் ஜிபார்ட்டட்டைக் கிளிக் செய்தால் ஒன்றுமே நடப்பதில்லை. நிறுவியதில் கோளாறா?

ப: கோளாறு இல்லை. நோம் இதையெல்லாம் கேட்காமலே பின்னணியில் ஓட்டிக்கொண்டிருந்தது. ஐ3 விண்டோக்களை மட்டும்தான் கவனிக்கும்.

வைஃபைக்கு என்எம்-ஆப்லெட் வேண்டும். அதைக் கிளப்பும் வரி ஐ3-இன் கான்ஃபிக்கில் ஏற்கெனவே உண்டு. பேக்கேஜ் இல்லாததால் சத்தமில்லாமல் தோற்கிறது. நிறுவிவிட்டு மறுபடி லாகின் செய்யுங்கள்.

வெளிச்சத்துக்கு பிரைட்னஸ்சிடிஎல் நிறுவி, வெளிச்சக் கீகள் இரண்டையும் அதன் 5% கூட்டும், குறைக்கும் கட்டளைகளுக்குக் கட்டுங்கள். குறைப்பதில் '-என்' சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் சில லேப்டாப்களில் பூஜ்யத்துக்குப் போய்த் திரை முழுக்க இருண்டுவிடும். அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் யூசரை 'வீடியோ' குழுவில் சேர்க்க வேண்டும்.

ஜிபார்ட்டட் கதை வேறு. அது நிர்வாகி பாஸ்வேர்டு கேட்க வேண்டும்; கேட்கும் பெட்டியைக் காட்ட ஒரு போல்கிட் ஏஜென்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டெர்மினலிலிருந்து கிளப்பிப் பாருங்கள். அங்கே எழுத்தாகப் பாஸ்வேர்டு கேட்டால் இதுதான் காரணம். ஏஜென்ட்களில் எல்எக்ஸ்போல்கிட் சின்னது, போதுமானது.

ஏஜென்ட் போன்றவற்றை லாகினில் தானாகக் கிளப்பக் கான்ஃபிக்கில் எழுதும்போது 'எக்ஸெக்' போடுங்கள். 'எக்ஸெக்_ஆல்வேஸ்' போட்டால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அதே கட்டளை மறுபடி ஓடும். 'எக்ஸெக்' பின்னால் '--நோ-ஸ்டார்ட்அப்-ஐடி' விட்டுப்போனால் மவுஸ் அம்பு 60 நொடி வரை கடிகாரமாகவே நிற்கக்கூடும்.

கே: ஸ்வேயில் தமிழ் லேஅவுட்டுக்கு மாறினால் ஷார்ட்கட் எதுவும் வேலை செய்வதில்லையே?

ப: கான்ஃபிக்கில் கீயைக் கட்டளையோடு கட்டும் 'பைண்ட்சிம்', எழுத்தைப் பார்த்து வேலை செய்வது. தமிழுக்கு மாறியதும் அந்தக் கீயில் 'டி' என்ற எழுத்தே இல்லை. ஒவ்வொரு 'பைண்ட்சிம்' பின்னாலும் '--டு-கோட்' சேருங்கள்; எழுத்துக்குப் பதில் கீயின் இடத்தைப் பார்க்கும். முதல் லேஅவுட்டை வைத்துத்தான் கணக்கிடும் என்பதால் பட்டியலில் ஆங்கிலம் முதலில் இருக்கட்டும். ஐ3-இல் இந்தத் தொல்லை இல்லை. எஃப்சிஐடிஎக்ஸ்5 (fcitx5) என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக ஒலிபெயர்ப்பில் அடிப்பவர்களுக்கும் இல்லை, அங்கே லேஅவுட் ஆங்கிலத்திலேயே இருக்கிறது.

கே: இன்னொருவரின் கான்ஃபிக்கை அப்படியே எடுத்துப் போட்டேன். மேலே சிவப்புப் பட்டை வருகிறது.

ப: பட்டையில் உள்ள பட்டனை அழுத்தினால் எந்த வரி என்று காட்டும். பெரும்பாலும் ஒரே கீயை இரண்டு இடத்தில் கட்டியிருப்பீர்கள். இனிமேல் சேமித்ததும் டெர்மினலில் 'ஐ3 -சி' ஓட்டிப் பாருங்கள், 'சி' பெரிய எழுத்தில். பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு மோட் + ஷிஃப்ட் + சி தட்டி ஏற்றலாம்.