பழைய எம்எஸ்-டாஸ் கணினியில் கேம் ஓட்டினால், 16 எம்பி ராம் இருந்தும் 'மெமரி போதாது' என்கிறதா?

மெமரி நிலவரம் சொல்லும் மெம் கட்டளை காட்டும் 15 எம்பி கணக்கை விடுங்கள். கடைசிப் பக்கம் வரும் 'லார்ஜஸ்ட் எக்ஸிக்யூட்டபிள் புரோகிராம் சைஸ்' வரியைப் பாருங்கள். உங்கள் கேம் 590 கே (கிலோபைட்) கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியில் அதற்குக் குறைவாக இருந்தால் ஓடாது. டாஸ் புரோகிராம்களுக்கு முதல் 640 கே-தான் ('கன்வென்ஷனல்' மெமரி) வீடு, மீதி ராம் எவ்வளவு இருந்தாலும் சரி.

உங்கள் 486 கணினியில் சிடி டிரைவரும் மவுஸ் டிரைவரும் அந்த 640-க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்பது என் ஊகம். எம்எஸ்-டாஸ் 6.22-இல் இதை அடியுங்கள்:

மெம் /சி /பி (MEM /C /P)

'கன்வென்ஷனல்' பத்தியில் எம்எஸ்சிடெக்ஸ் (சிடியைப் படிக்க உதவும் புரோகிராம்) பெயருக்கு நேரே 20 கே-க்கு மேல் நின்று, 'அப்பர் மெமரி' (640 கே-க்கு மேலே உள்ள பகுதி) பத்தியில் பூஜ்யம் இருந்தால் அதுதான் குற்றவாளி.

இவற்றை மேலே நகர்த்த, பூட் ஆகும்போது படிக்கப்படும் கான்ஃபிக்.சிஸ் (CONFIG.SYS) கோப்பில் ஹைமெம்.சிஸ் (HIMEM.SYS) முதலில், இஎம்எம்386 நோஇஎம்எஸ் (EMM386.EXE NOEMS) அடுத்து, பிறகு டாஸ்=ஹை,யூஎம்பி (DOS=HIGH,UMB). டிரைவர் வரிகளில் டிவைஸ்ஹை (DEVICEHIGH), ஆட்டோஎக்ஸெக் (AUTOEXEC.BAT) கோப்பில் எம்எஸ்சிடெக்ஸ் வரிக்கு முன்னால் எல்ஹெச் (LH). இந்த யூஎம்பி விட்டுப்போனால் டிவைஸ்ஹை எந்தப் பிழையும் சொல்லாமல் டிரைவரைக் கீழே அந்த 640 கே-க்குள்ளேயே ஏற்றிவிடும். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

ரீபூட் செய்து மறுபடி மெம் பாருங்கள். விண்டோஸுக்குள் டாஸ் ஜன்னல் திறந்து பார்க்காதீர்கள், அங்கே எண் வேறு.

கேம் எக்ஸ்பாண்டட் மெமரி (இஎம்எஸ்) கேட்டால் நோஇஎம்எஸ் ஒத்துவராது. அந்தச் சொல்லுக்குப் பதில் 'ராம்' (RAM) என்று போடுங்கள். அப்பர் மெமரியில் 64 கே குறையும். மாற்றும் முன் இரண்டு கோப்பையும் நகலெடுங்கள். பூட் ஆகாமல் நின்றால், 'ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்' தெரியும்போதே எஃப்5 அழுத்தினால் இரண்டையும் தாண்டிப் போகும்.