கணினி கேள்வி–பதில்: தாமதம் எந்தப் பாகத்தில்?

கேள்வி: என் மேசைக் கணினிக்கு எட்டு வயதாகிறது. சுவிட்சைப் போட்டால் வேலை செய்யும் நிலைக்கு வருவதற்கே ஐந்து நிமிடம் ஆகிறது. ராமைக் கூட்டச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். ஹார்டு டிஸ்க்கை மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். இரண்டும் தகவலைச் சேமிப்பவைதாமே? யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: இரண்டிலும் தகவல் இருக்கிறது, ஆனால் இருக்கும் விதமும் காலமும் வேறு. விண்டோஸ், உங்கள் கடிதங்கள், புகைப்படங்கள் யாவும் நிலையாக இருக்குமிடம் ஹார்டு டிஸ்க். நீங்கள் ஒரு மென்பொருளைத் திறக்கும்போது அது அங்கிருந்து ராம் எனும் தற்காலிக நினைவகத்துக்கு எடுத்து வரப்பட்ட பிறகே, கணக்கிடும் பாகமான பிராசஸர் அதைக் கையாள முடியும். ராமில் ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்ற தகவலின் மிகச் சிறிய அலகும், மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. அது ஓயாமல் கசிவதால், வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் புதுப்பித்தலும் நின்றுபோகும். சேமிக்காமல் விட்ட கடிதம் காணாமல் போவது அதனால்தான்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் என்ற பகுதிக்குச் சென்று, வழக்கமான வேலைகளைச் செய்தபடியே மெமரி (அதாவது ராம்), டிஸ்க் என்ற இரண்டு வரைபடங்களைக் கவனியுங்கள். மெமரி 90 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் ராம் போதவில்லை என்று கொள்ளலாம். மெமரி பாதியளவில் இருக்க, டிஸ்க் மட்டும் நெடுநேரம் 100 விழுக்காட்டைக் காட்டினால் தாமதம் டிஸ்க்கில் இருக்கிறது. இரண்டும் உச்சத்தில் இருந்தால் முதலில் ராமைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏனெனில் ராம் நிரம்பும்போது விண்டோஸ் அதிலுள்ளவற்றில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, தேவைப்படும்போது மீண்டும் படிக்கிறது.

தாங்கள் சொல்லும் அறிகுறி, அதாவது தொடக்கத்திலேயே நேரும் தாமதம், பெரும்பாலும் டிஸ்க்கையே காட்டுகிறது. பழைய வகை ஹார்டு டிஸ்க்கினுள் தட்டுகள் சுழல்கின்றன. நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்வதற்கு ஆகும் நேரம் தனி. கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டியிருப்பதால் இந்தச் சிறு காத்திருப்புகள் சேர்ந்து நிமிடங்களாகிவிடுகின்றன. தகவலைச் சில்லுகளில் சேமிக்கும் புதிய வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது; அதனால் இந்தக் காத்திருப்பும் இல்லை. தங்கள் பழைய டிஸ்க் சாட்டா என்ற வகை இணைப்பில் கணினியோடு பொருத்தப்பட்டிருந்தால், அதே இணைப்பில் பொருந்தும் எஸ்எஸ்டி கிடைக்கும். மாற்றுவதற்கு முன் முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்துவிடுங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

சோதனை ராமைக் காட்டினால், பாகங்கள் யாவும் பொருத்தப்படும் பலகையான மதர்போர்டு ஏற்பது டிடிஆர்3 வகையா, டிடிஆர்4 வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாதபடி கீழ்விளிம்பின் வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தித் திணிக்க வேண்டாம். இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும்: விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. எட்டு ஆண்டுக் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பதை உறுதி செய்துகொண்டு செலவழிப்பதே நல்லது.

கேள்வி: 1 டிபி என்று அச்சிட்ட வெளி டிஸ்க்கை வாங்கினேன். கணினி 931 ஜிபி என்றே காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸோ 1024ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. ஒரு லட்சம் கோடி பைட்டை அந்த எண்ணால் வகுத்தால் 931 வரும். இடம் குறையவில்லை, அளவுகோல் வேறு.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குப் பணம் கட்டுகிறோம். கோப்பு இறங்கும்போது விநாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறுவதே இல்லை. மாடி அறையில் அதுவும் கிடைப்பதில்லை.
– வாசகர், ஓசூர்

பதில்: கீழ்த்தளத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய முழு வேகம்தான். இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. கோப்பின் அளவு பைட்டில் காட்டப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 12.5 எம்பி. அதிலும் ஒரு பகுதி முகவரி போன்ற துணைத் தகவல்களுக்குப் போய்விடும்.

மாடி அறையின் சிக்கல் வைஃபையைச் சேர்ந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் கான்கிரீட் தளத்தைக் கடக்கும்போது வெகுவாக வலுவிழந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு செல்லும். அக்கம்பக்கத்து வீடுகளின் ரௌட்டர்களும் அதிலேயே இயங்குவதால் நெரிசல் மிகுதி. மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே வைஃபை தரும் தனிக் கருவியான ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே, என் கருத்தில், நிலையான தீர்வு. கேட்5இ என்ற வகைக் கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்தைத் தாங்கும். கேபிளினுள் இரண்டிரண்டாகச் சேர்ந்த நான்கு இணைக் கம்பிகள் உண்டு. கிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு இணை போதும். முனையை மாட்டும்போது ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டால் இணைப்பு வேலை செய்துகொண்டே வேகம் மட்டும் 100க்கு இறங்கிவிடலாம். பின்னாளில் இணைப்பின் வேகத்தைக் கூட்டும்போது தொல்லை தராதிருக்க, வேலை செய்பவர் முன்னிலையிலேயே நான்கு இணைகளையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ரௌட்டரின் முகவரி 192.168.1.1. அண்ணன் வீட்டு ரௌட்டரும் இதே எண்ணைக் காட்டுகிறது. ஐபி முகவரி என்பது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி என்றல்லவா படித்தோம்?
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: நீங்கள் படித்தது பொது முகவரிக்குப் பொருந்தும். வடக்குத் தெரு 12 என்ற கதவெண் பல ஊர்களில் இருந்தாலும் அவரவர் ஊருக்குள் குழப்பம் வராததைப் போல, 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும். நான்கு எண்களாலான ஐபிவி4 முறையில் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தாம் உண்டு. உலகிலுள்ள கைபேசி, கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் அவை போதாதென்பதால், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் வெளியே ஒரே முகவரி தோன்றுமாறு ரௌட்டர் மாற்றித் தருகிறது; எந்தக் கருவி எதைக் கேட்டது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, திரும்பி வரும் பதிலை உரியதிடம் சேர்க்கிறது. 128 பிட் நீளமுள்ள ஐபிவி6 முறையில் இந்தப் பஞ்சம் கிடையாது.

192.168.1.1 என்ற எண்ணை பிரவுசரில் தட்டினால் ரௌட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் கடவுச்சொல், பெட்டியோடு வந்த ‘அட்மின்’ போன்ற எளிய சொல்லாகவே இன்னும் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள், அண்ணனிடமும் சொல்லுங்கள்.