சையரை, அதாவது தகப்பன் குதிரையைப் பார்த்தே ஒரு ரேஸ் குதிரை எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்லிவிட முடியுமா?

ஓரளவுக்கு முடியும், குதிரை இன்னும் நீண்ட தூரம் ஓடிப் பார்க்காத வரைக்கும். 1200, 1400 மீட்டரில் இரண்டு மூன்று ரேஸ் ஓடிய மூன்று வயதுக் குதிரையை முதல்முறையாக 2000 மீட்டருக்கு இறக்குகிறார்கள் என்றால், கையில் வேறு பெரிய தடயம் கிடையாது, வம்சாவளியைத்தான் புரட்ட வேண்டும்.

கிண்டி ரேஸ் மைதானத்தில் நான் ரேஸ் புத்தகம் வாசிக்கப் பழகிய நாட்களில் பக்கத்தில் உட்காரும் பெரியவர் ஒருவர், குதிரையின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் சையர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் 12, 16, 24 என்று குறித்து வைத்திருப்பார். எல்லாம் மீட்டர்தான், கடைசி இரண்டு சைபரை விட்டுவிட்டு. "அது அப்பன் ஜெயிச்ச தூரம் இல்ல தம்பி, பிள்ளைங்க ஜெயிச்ச தூரம்" என்றார். இன்றுவரை நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிரிட்டனில் ஓடிய ஃபிராங்கெல் என்ற குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். 14 ரேஸ், 14 வெற்றி, ஆனால் 2100 மீட்டரைத் தாண்டி ஒரு முறைகூட ஓடியதில்லை. அதன் பிள்ளைகளோ சுமார் 2900 மீட்டர் செயின்ட் லெஜர் ரேஸை 2019-லும் 2021-லும் ஜெயித்தன (லாஜிஷியன், ஹரிகேன் லேன்), எப்சம் டெர்பியையும் 2021-ல் அடாயர் எடுத்தது. ஃபிராங்கெலின் அப்பா கலிலியோ 2001 டெர்பி வெற்றிக் குதிரை, அம்மா கைண்ட் குறுந்தூர ஓட்டக்காரி. இரண்டு பக்கமும் உள்ளே இருந்திருக்கிறது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். சையருக்குக் கூடுதல் பலம் ஒன்றும் கிடையாது, குட்டிக்குப் போவது பாதிதான், மறுபாதி அம்மாவுடையது. ஆனால் பேர்போன பொலிகுதிரைக்கு ஒரே வருடத்தில் நூறு குட்டிக்கு மேல் பிறக்கும், பெட்டைக்கு ஒன்றுதான். அதனால் சையரைப் பற்றி நமக்குத் தெரிவது அதிகம், அவ்வளவுதான். 2010-ல் டப்ளின் ஆய்வாளர்கள் தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டேட்டின் மரபணுவுக்கும் தூரத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அந்த மரபணுவுக்கு சி, டி என்று இரண்டு வடிவம், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரும்: சி-சி என்றால் குறுந்தூரம், சி-டி நடுத்தரம், டி-டி நெடுந்தூரம். சையர் சி-டி என்றால் எந்த எழுத்து குட்டிக்குப் போகும் என்பது காசு சுண்டுகிற மாதிரிதான், புத்தகத்தில் தெரியாது.

ஜப்பானின் கிதாசன் பிளாக் என்ற குதிரையை எனக்கு அவ்வளவு பிடிப்பதும் இதனால்தான். அதன் அம்மாவின் அப்பா சகுரா பகுஷின் ஓ, 11 வெற்றியும் 1400 மீட்டருக்குள்ளேயே. 2015 ஜப்பான் டெர்பியில், 2400 மீட்டரில், கிதாசன் பிளாக் 14-வதாக வந்தபோது தாய்வழி ரத்தம் தாங்கவில்லை என்று முடிவு கட்ட எல்லாக் காரணமும் இருந்தது. அதே வருடம் 3000 மீட்டர் கிக்கா ஷோ ரேஸை ஜெயித்தது. 2017-ல் 3200 மீட்டர் டென்னோ ஷோ ரேஸை 3 நிமிடம் 12.5 விநாடியில் ஓடி முடித்து, தன் சையர் பிளாக் டைடின் உடன்பிறந்த தம்பியான டீப் இம்பாக்ட் வைத்திருந்த சாதனையையே உடைத்தது.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? சையரின் பிள்ளைகள் ஜெயித்த தூரம், அப்புறம் அம்மாவின் அப்பா, அதைவிட முக்கியமாக அதே அம்மாவின் முந்தைய குட்டிகள், அதாவது கூடப்பிறந்த அண்ணன் அக்கா எந்தத் தூரத்தில் ஜெயித்தார்கள் என்று பாருங்கள். குதிரை 1400-ல் ஓடிய வீடியோ இருந்தால் கடைசி 200 மீட்டரைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். தலை மேலே தூக்கி, காலடி சுருங்கி வந்தால் சையர் யாராக இருந்தாலும் நான் 2000-க்கு நம்ப மாட்டேன். முடிவுக் கம்பத்தைத் தாண்டிய பிறகும் வேகம் குறையாமல் ஜாக்கி இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால், சையர் பெயர் பக்கத்தில் 12 என்று எழுதியிருந்தாலும் தைரியமாகப் பட்டியலில் வைப்பேன்.