பால் கறப்பதில் கொலை எங்கே இருக்கிறது?

கேள்வி: நான் பிறவியிலேயே சைவம். வீகனாக மாறிவிட்ட என் மருமகள் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. பாலுக்காகப் பசுவைக் கொல்வதில்லையே. பிறகு ஏன் இந்த விலக்கு?

பதில்: கறப்பதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் கன்று ஈன்ற பசுவுக்குத்தான் பால் சுரக்கும் என்பதால், பால் இடைவிடாமல் கிடைக்க வேண்டுமானால் ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை அதைச் சினைப்படுத்தி, ஒன்பது மாதங்களுக்கு மேல் சுமக்கவிட்டு, ஈனச் செய்தாக வேண்டும். பெரும் பண்ணைகளில், ஈன்ற சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கன்றைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். சீம்பால் குடித்த கையோடு தனிக்கொட்டிலுக்குப் போகும் அது, பிறகு வாளியில் கரைத்து வைத்த பால்மாவைக் குடித்து வளர்கிறது. பிரிந்த கன்றைத் தேடித் தாய்ப்பசு கத்துவதைக் கேட்டவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கிடேரியாக இருந்தால் அதுவும் தாயின் வழியிலேயே போகும். காளைக்கன்றோ பாலுக்கு உதவாது என்பதால் பெரும்பாலும் இறைச்சிக்குத்தான் போகும். 20 ஆண்டு வரை வாழக்கூடிய பசுவும், கறவை குறைந்ததும், இத்தகைய பண்ணைகளில் 5 அல்லது 6 வயதிலேயே அடிமாடாகிவிடுகிறது. ஆக, பாலுக்காகக் கொல்வதில்லை என்பது கறக்கும் நேரத்தில் மட்டும் உண்மை.

உணவில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் சைவம். அந்த உணவுக்காக ஒரு விலங்கு என்ன பாடுபட்டது என்று பார்ப்பது உங்கள் மருமகளின் கொள்கை. இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரைச் சேர்ந்த சிலரும் 1944இல் வீகன் என்ற சொல்லை உருவாக்கித் தனிச் சங்கம் கண்டதே, பாலையும் முட்டையையும் ஏற்றுக்கொண்ட சைவர்களோடு ஏற்பட்ட இந்தக் கருத்து வேறுபாட்டால்தான்.

கேள்வி: கரு இல்லாத முட்டையில் உயிர் இல்லையே?

பதில்: இல்லைதான். முட்டையிடும் இனத்துச் சேவல்குஞ்சுகளின் கதிதான் இங்கே சிக்கல். அவை முட்டையும் இடா, கறிக்கோழியைப் போல விரைவில் எடையும் போடா என்பதால், பொரித்த அன்றே பிரித்தெடுத்துக் கொன்றுவிடுவது குஞ்சு பொரிப்பகங்களின் வழக்கம். ஜெர்மனி 2022 முதல் இதைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. பெட்டைகளின் நிலையும் நல்லதல்ல. அவற்றின் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டுக்கு ஒரு டஜனை ஒட்டி முட்டையிட, பண்ணைக்கோழி 300 வரை இடுகிறது. அத்தனை ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உடல் எலும்பிலிருந்தும் உறிஞ்சிக்கொள்வதால், நெஞ்செலும்பு முறிந்த கோழிகள் பண்ணைகளில் ஏராளம்.

கேள்வி: தேனீ தானாகச் சேர்ப்பதுதானே தேன்?

பதில்: தானாகத்தான் சேர்க்கிறது, ஆனால் தனக்காக. ஒரு வேலைக்காரத் தேனீ தன் வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான். பூக்கள் இல்லாத காலத்துக்கான அந்தச் சேமிப்பை எடுத்துக்கொண்டு ஈடாகச் சர்க்கரைப் பாகு வைப்பதையும், ராணித் தேனீ பறந்துவிடாதபடி சிலர் அதன் இறக்கையை நறுக்குவதையும் வீகன்கள் எதிர்க்கிறார்கள். பால், முட்டை பற்றிய வாதங்களின் வலு இதற்கு இல்லை என்பது என் எண்ணம். பால் வேண்டாமென்று பாதாம் பாலுக்குப் போனாலும், கலிபோர்னியாவில் பாதாம் தோப்புகள் பூக்கும் பருவத்தில் மகரந்தச் சேர்க்கைக்காகத் தேனீப் பெட்டிகளை வாடகைக்குக் கொண்டுவந்துதான் வைக்கிறார்கள். தேனை விலக்கினாலும் தேனீயின் உழைப்பை முழுதாக விலக்கிவிட முடிவதில்லை.

கேள்வி: வீட்டில் செல்லமாக வளர்க்கும் கோழியின் முட்டையையாவது உண்ணலாமா?

பதில்: வீகன்களுக்குள்ளேயே இதில் வழக்கு உண்டு. கோழிக்குத் துன்பமில்லை என்றால் தவறில்லை என்போர் சிலர். அந்தக் கோழியை வாங்கிய இடத்தில் அதனோடு பொரித்த சேவல்குஞ்சு என்னவாயிற்று என்று கேட்போர் பலர். காப்பகங்களில் கோழி வளர்க்கும் வீகன்களில் சிலர், முட்டையை வேகவைத்து, இழந்த சுண்ணாம்புச் சத்து திரும்பட்டும் என்று ஓட்டோடு நொறுக்கி, அந்தக் கோழிக்கே தீனியாகப் போட்டுவிடுகிறார்கள்.