‘கப்பிள்’ என்றால் எத்தனை நாள்?

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். இங்கிலாந்து பையர் ஒருவர் சாம்பிள் கிடைத்தது, ‘எ கப்பிள் ஆஃப் டேஸ்’ஸில் பதில் சொல்கிறேன் என்று மெயில் போட்டார். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. கப்பிள், ஃபியூ, வைல் இதற்கெல்லாம் துல்லியமாக எத்தனை நாள் கணக்கு? (பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஆம்பூர்)

பதில்: துல்லியமாகவா? அந்த வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டீர்கள் சார். ஷூவை ஜோடி ஜோடியாகப் பெட்டியில் போடுகிற ஊர்க்காரர், உங்களுக்குக் கப்பிள் என்றால் இரண்டுதான். ஆனால் நாளைப் பற்றிப் பேசும்போது அது மூன்று வரைக்கும் தாராளமாக நீளும். கறாராக இரண்டு நாள் என்றால் ‘டூ டேஸ்’ என்றே எழுதியிருப்பார். எழுதவில்லை என்றால் அவருக்கே நாள் தெரியவில்லை. நாமும் ‘ரெண்டு நாள்ல சொல்றேன்’ என்று அப்படித்தானே சொல்கிறோம்?

‘எ ஃபியூ’ கப்பிளைவிடக் கொஞ்சம் அதிகம், மூன்று நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் புத்தகங்கள் எல்லாம் ஃபியூ என்றால் ‘சில’ என்று கட்டம் போட்டு முடித்துவிடுகின்றன, எனக்கு அதில் பல வருடக் கோபம். முன்னால் ‘எ’ இருந்தால் இன்னும் சில நாள் கையில் இருக்கிறது என்று தெம்பு. அந்த ‘எ’ இல்லாவிட்டால் நாளே இல்லையே என்று கவலை. இதைச் சொல்லாமல் என்ன புத்தகம்? வைலுக்கு எண்ணே கிடையாது. டீ குடிக்கிற நேரமும் வைல்தான், ஒருவர் துபாயில் இருந்துவிட்டு வந்த ஆறு வருடமும் வைல்தான். உங்கள் பையர் ‘ஃபார்ட்நைட்’ என்று எழுதினால் மட்டும் காலண்டரில் குறித்துக்கொள்ளலாம், அது 14 இரவு.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ‘பை தர்ஸ்டே’ பதில் கிடைக்குமா என்று மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள். ‘பை’ என்றால் வியாழனுக்குள். ‘டில் தர்ஸ்டே’ என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள், அது வியாழன் வரைக்கும் என்று ஆகிவிடும்.

காலச் சொற்கள் எல்லாமே இப்படித் தளர்ந்தவைதான். இடைக்கால ஐரோப்பாவில் ‘மொமென்ட்’டுக்குக் கூடக் கணக்கு இருந்தது, ஒரு மணியில் 40-ல் ஒரு பங்கு, சுமார் 90 விநாடி. நம் நாழிகை 24 நிமிடம். இப்போது ‘இவ்வளவு நாழி எங்கே போயிருந்தே’ என்று அம்மா கேட்டால் யார் 24-ஆல் பெருக்குகிறார்கள்? ‘சூன்’ (soon) கதை இன்னும் நன்றாக இருக்கும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘உடனே’ என்றுதான் பொருள், சூன் வருகிறேன் என்றவர்கள் எல்லாம் தாமதமாக வந்து வந்து சொல்லே ‘சீக்கிரத்தில்’ என்று இறங்கிவிட்டது. நம் வேலூர்ப் பக்கத்து ‘தோ வரேன்’ இருக்கிறதே, அதற்கும் அதே கதிதான். ‘இதோ’ என்றால் கண்ணெதிரே என்று பொருள். தோ வரேன் என்று போனில் சொல்கிறவர் காட்பாடியில் இன்னும் செருப்பே மாட்டியிருக்க மாட்டார்.

அப்புறம், ‘ரவ நேரம்’. போன மாதம் ஒரு கட்டுரையில் ‘ரவ நேரம் உக்காரு’ என்று வந்ததற்கு, கொச்சையை ஏன் அச்சிடுகிறீர்கள் என்று ஒருவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். ஐயா, ரவை என்றால் நொய், துளி. நேரத்தை அரிசி நொய்யால் அளந்த ஜனங்களின் சொல் அது. ‘ரவோண்டு குழம்பு ஊத்து’ என்று எங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்தவன் நான், எங்கள் பாட்டி ‘ரவ நேரம் இரு’ என்றால் அடுப்பில் ஏதோ இறங்கப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். எத்தனை நிமிடம் என்று நாங்கள் கேட்டதே இல்லை. ‘சற்று நேரம்’ என்று திருத்தினால் அந்த அடுப்பே போய்விடும். திருத்த மாட்டேன். அடுத்த இதழிலும் ரவ வரும்.